கோரைக்குளத்துச் சமாதானம்

கோரைக்குளத்தின் நடுத்திட்டில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. மேற்குக் கரையில் நீர்நாய்கள் வளை தோண்டி வாழ்ந்தன. ஒரு கடுங்கோடையில் மீன் குறைந்தபோது இரண்டு கூட்டத்துக்கும் பெரிய சண்டை மூண்டது. முதலில் கொத்தியது யார், முதலில் கடித்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கடைசியில் நீர்நாய்கள் தோற்றன.

கரையோரப் பாறையின் மேல் சமாதான ஒப்பந்தம் ஆனது. ஆழத் தண்ணீர் முழுக்க நாரைகளுக்கு என்று முடிவானது. ஆழத்தில் நாரைக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீர்நாய்களுக்குச் சேற்றுப் பக்கம் மட்டும். அதோடு விடவில்லை. மாதம் ஒருமுறை நீர்நாய்த் தலைவர் பாறையில் ஏறி, "சண்டைக்கு முழுக் காரணம் நாங்கள்தான்" என்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும்.

பல கோடைகள் போயின. நாரைக் குஞ்சுகளும் நீர்நாய்க் குட்டிகளும் சேர்ந்து படித்த மருத மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் மூத்த வகுப்புக்கு இந்த ஒப்பந்தம் பாடமாக வந்தது. நடத்தியது ஒரு மைனா. பிள்ளைகள் வைத்த பெயர் மஞ்சமூக்கு டீச்சர்.

டீச்சருக்கு அந்தப் பாடம் என்றாலே பெரும் தொல்லை. குளத்துக்கு அமைதி வந்த கதையாகச் சொல்லும்படி நாரைகள் ஆள் அனுப்பும். தங்களை ஏமாற்றிய கதையாகச் சொல்லும்படி நீர்நாய்கள் ஆள் அனுப்பும். நிபந்தனைகளை அவள் ஒப்பித்தால் பாதி வகுப்பு கொட்டாவி விடும், மீதி வகுப்பு பல்லைக் கடிக்கும்.

அந்த வருஷம் அவள் பாடத்தை ஒப்பிக்கவில்லை. நாரைகளையும் நீர்நாய்களையும் எதிரெதிராக நிறுத்தி, அல்லித்தண்டைக் கொடுத்து இழுக்கச் சொன்னாள். ஜெயிக்கிறவர்கள் ஒப்பந்தம் எழுதலாம், சாயங்காலம் வரை அதுதான் வகுப்பில் சட்டம் என்றாள்.

குண்டு குண்டான நீர்நாய்களிடம் நாரைகள் என்ன செய்யும்? கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தன. நீர்நாய்ப் பெண் துடுப்பி தலைமையில் ஒப்பந்தம் தயாரானது. நாரைகள் ஒற்றைக்காலில் நிற்கக் கூடாது. மதியச் சாப்பாட்டு நத்தை எல்லாம் நீர்நாய்களுக்கு. நாரைகள் வரிசையில் நின்று, "தப்பெல்லாம் எங்கள் அலகு மேல்தான்" என்று சொல்ல வேண்டும். எழுதி முடிப்பதற்குள் நீர்நாய்கள் சிரித்துச் சிரித்து உருண்டன. டீச்சர் அதை அப்படியே சட்டமாக்கினாள்.

மதியத்துக்குள் நாரைகளுக்கு இரண்டு காலும் கடுத்தது. பசி வேறு. ஊசி என்ற நாரை தன் கூட்டாளிகளிடம் ஏதோ கிசுகிசுத்தான். சற்று நேரத்தில், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நீர்நாய்கள் அலறிக்கொண்டு எழுந்தன. ஒவ்வொரு வாலிலும் ஒரு நண்டு.

வகுப்பே அமளியானது. டீச்சர் நடுவில் பறந்து வந்து, ஒப்புக்கொண்டதை ஏன் மீறினாய் என்று ஊசியிடம் கேட்டாள்.

"எங்க ஒப்புக்கிட்டோம் டீச்சர்? வேற வழியில்லாம தலையாட்டினோம்," என்றான் ஊசி.

வாலைத் தேய்த்துக்கொண்டிருந்த துடுப்பியின் முகம் மாறியது. அவள் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"எங்க பெரியவங்களும் அப்படித்தான் தலையாட்டினாங்க டீச்சர். இப்போ பழி வாங்கக் குளத்தங்கரையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்காங்க. மழை வந்தா கரை உடைஞ்சு நடுத்திட்டு அடிச்சிக்கிட்டுப் போயிடும்."

 கரை உடைந்தால் நாரைக் கூடும் போகும், நீர்நாய் வளையும் போகும், குளமே போகும். வானத்தில் கருமேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. டீச்சர் வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போய், இரண்டு கூட்டத்தையும் அழைத்தாள்.

செய்தி கேட்டதும் நாரைத் தலைவர் நெடுங்காலர் கொதித்தார். ஒப்பந்தம் போதவில்லை, இனிச் சேற்றுப் பக்கத்தையும் பிடுங்க வேண்டும் என்றார். நீர்நாய்த் தலைவர் மீசையப்பர் பல்லைக் காட்டி உறுமினார்.

ஊசி நெடுங்காலர் முன்னால் வந்தான். "தாத்தா, அந்த வார்த்தையை நீங்க ஒரே ஒரு தடவை சொல்லுங்க. 'சண்டைக்கு முழுக் காரணம் நாங்கதான்'னு. சும்மா விளையாட்டுக்கு."

இதென்ன பிரமாதம் என்று நெடுங்காலர் பாறையில் ஏறினார். அலகைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். எல்லாக் கண்ணும் அவர் மேலேயே இருந்தன. வார்த்தை மீன்முள்ளாகத் தொண்டையில் குத்தி நின்றது. அந்த வார்த்தையை மாதாமாதம் சொல்லி வந்தவரை அவர் திரும்பிப் பார்த்தார். மீசையப்பரும் அவரைப் பார்த்தார்.

"இறங்கி வாரும் ஐயா," என்றார் மீசையப்பர். "அது யார் வாயிலும் மனசார வராத வார்த்தை."

அதற்குள் முதல் தூறல் விழுந்துவிட்டது. பேச நேரமில்லை. குடைந்தவர்களே வழி காட்ட, நாரைகள் கோரையும் குச்சியும் கொத்திவர, நீர்நாய்கள் சேறு குழைத்து ஓட்டையை அடைத்தன. மழை வெளுத்து வாங்கியது. மேற்கு ஓரத்தில் கொஞ்சம் கரை சரிந்து, சில வளைகளும் திட்டோரக் கூடுகளும் போய்விட்டன. குளம் தப்பியது.

மழை விட்டதும் புது ஒப்பந்தம் பேசினார்கள். ஆழம் நீர்நாய்களுக்கு, ஓரத் தண்ணீர் நாரைகளுக்கு, கரையைக் காப்பது இருவருக்கும். யார் தலையிலும் பழி போடவில்லை. பழைய வன்மத்தில் இன்னும் முகம் கொடுத்துப் பேசாத கிழங்கள் சில உண்டு. ஆனால் கரையை யாரும் குடைவதில்லை.

தோற்றவரைத் தலைகுனிய வைத்துச் செய்யும் சமாதானம், அடுத்த சண்டைக்கு ஊன்றும் விதை.