டென்சில் திறந்த வால்வு

"என் தம்பி என்ன தப்பு செஞ்சான், டீச்சர்?"

ஆல்வின் வந்து கிளாடிஸிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.



தூத்துக்குடியில், கடலுக்குள் மூழ்கி வேலை பார்ப்பவர்களுக்கு சிலிண்டர் நிரப்பிக் கொடுப்பவர் கிளாடிஸ். சாதாரணக் காற்றோடு கூடுதலாக ஆக்ஸிஜன் கலந்து நிரப்புவார். நைட்ராக்ஸ் என்பார்கள். ஆல்வினின் தம்பி டென்சில் அவரிடம்தான் தொழில் படித்தான். பிறகு வேறொரு ஊரில் தனியாகக் கடை போட்டான்.

ஒரு காலையில், அவன் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்டிருந்த சிலிண்டரின் வால்வு தீப்பிடித்தது.

சவப்பெட்டியை மூடியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆல்வின் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். லாரியை விற்றுவிட்டு வந்து, தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று நின்றார். கிளாடிஸைவிட அவருக்கு வயது அதிகம்.

கிளாடிஸ் ஒரு பழைய வால்வை எடுத்து நீட்டினார்.

"கழுவுங்க, அண்ணாச்சி."

ஆல்வின் கழற்றினார். கழுவினார். உலர்த்தினார். பூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிளாடிஸ் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

மழைக்காலம் வந்து போனது. வால்வைத் தவிர வேறெதையும் கிளாடிஸ் தொட விடவில்லை.

கழுவும்போதெல்லாம் ஆல்வின் பேசிக்கொண்டே இருப்பார். பழைய சிலிண்டரை எவனாவது தம்பி தலையில் கட்டியிருப்பானோ என்பார். கூட வேலை பார்த்தவன் குழாயை மாற்றி மாட்டியிருப்பானோ என்பார். வேண்டாதவன் எவனாவது வேண்டுமென்றே செய்திருப்பானோ என்று ஒருநாள் கேட்டார். தம்பியின் சாவுக்குத் தகுந்த அளவில் ஒரு தப்பு அவருக்கு வேண்டியிருந்தது.

கிளாடிஸ் எதையும் மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் ஒருநாள், சின்ன சிலிண்டர் ஒன்றைக் காட்டி, சாதாரணக் காற்று ஏற்றச் சொன்னார். படகு புறப்படக் காத்திருக்கிறது என்றார். ஆல்வின் அவசரமாக ஒரே திருப்பில் குழாயைத் திறந்தார். காற்று சீறி ஏறியது.

கிளாடிஸ் அவர் கையைப் பிடித்து வால்வின் மேல் வைத்தார்.

சுட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

"இது வெறும் காத்து," என்றார் கிளாடிஸ். "வேகமா அடைச்சா சூடு வரும். இதுவே ஆக்ஸிஜனா இருந்து, உள்ளே எண்ணெய்ப் பசை இருந்தா, தீக்குச்சி தேவையில்லை."

அப்படியானால் டென்சில் வால்வைக் கழுவாமல் விட்டானா என்று ஆல்வின் கேட்டார்.

கழுவியிருப்பான் என்றார் கிளாடிஸ். ஆல்வினைவிட நன்றாகவே கழுவுவானாம். எரிந்துபோன வால்வை கிளாடிஸ் போய்ப் பார்த்திருந்தார். அதில் காரணம் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. பூட்டும்போது எங்கேயாவது விரல் பட்டிருக்கும், அவனுக்கும் ஒரு படகு காத்திருந்திருக்கும் என்றார்.

ஆல்வின் சுட்ட விரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

"எவ்வளவு எண்ணெய் இருந்திருக்கும்?"

கிளாடிஸ் தன் மூக்கோரத்தை விரலால் ஒருமுறை தடவினார். ஆல்வின் கழுவி உலர வைத்திருந்த வால்வின் வாயில் அந்த விரலை ஒற்றினார். எடுத்து அவரிடம் கொடுத்தார்.

ஆல்வின் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே, டீச்சர்."

"அவனுக்கும் தெரியலை."