முசுறுக்கு எரிப்பு வந்த கதை

கிட்ட வந்து உட்காருங்கள். தூரத்தில் இருந்தால் பாதிக் கதையைக் காற்று தின்றுவிடும்.

அந்தக் காலத்தில் கரிக்கட்டைகூட வாய் திறந்து பேசும். மாமரத்துச் செவ்வெறும்பு, அதுதான் முசுறு, அப்போதும் கடிக்கும். ஆனால் யாருக்கும் உறைக்காது. தாட்டான் என்றொரு தடியன் குரங்கு தினமும் வந்து, இலைகளை ஒட்டிக் கட்டிய முசுறுக் கூட்டைப் பிய்த்து, முட்டைகளைப் பொரிகடலை மாதிரி மென்றுவிட்டுப் போவான். மூன்று கூடு போயிற்று. மிச்சம் ஒன்றே ஒன்று.

சேப்பி என்ற முசுறு, கரிக்கட்டைக்குள் குடியிருந்த கரியனிடம் ஓடினாள். கரியனுக்கு நாலு கை.

"மாமா, எங்க வம்சமே அழியப் போகுது. எரியுற மாதிரி ஒரு தண்ணி செஞ்சு குடு!"

"கூப்பிடு தாயி, அந்த உயிர்க்காற்று அண்ணன் தம்பியை" என்றான் கரியன். ஆக்சிஜன் என்கிறோமே, அவர்கள்தான்.

வந்ததும் அண்ணன்காரன் கரியனின் இரண்டு கைகளைப் பற்றிக்கொண்டான். தம்பிக்குக் கரியனின் ஒரு கைதான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் ஹைட்ரஜன் என்கிறார்களே, அந்தப் பொடிசுகளில் ஒருத்தி கரியனின் நாலாவது கையைப் பிடித்தாள். இன்னொருத்தி தம்பியின் மறு கையில் தொங்கினாள்.

"அவனுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?" என்று தம்பி குமுறினான். அண்ணனோ எல்லாவற்றையும் தன் பக்கமே இழுத்தான். தொங்கியவளைப் பிடித்திருந்த தம்பியின் பிடி தளர்ந்தது.

"தொங்குறாளே, அவ ஈரத்தைக் கண்டா கையை உதறிட்டுப் பாய்வா. பாய்ஞ்ச இடம் எரியும்" என்றான் கரியன்.

சேப்பிக்கு அவசரம். 'எரியும்' மட்டும்தான் காதில் விழுந்தது. அவர்கள் கைகோத்ததில் உண்டான அந்தத் தண்ணீரை வயிற்றில் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

தாட்டான் கூட்டில் கை வைத்துவிட்டான். சேப்பி அவன் கையில் பீச்சினாள். காய்ந்த தோல், ஒன்றும் ஆகவில்லை.

"என்னடி, பன்னீர் தெளிக்கிறியா? இன்னும் ரெண்டு சொட்டு போடு, தலைக்கும் தேய்ச்சுக்கிறேன்!"

முதல் இலை கிழிந்தது. அப்போதுதான் சேப்பிக்கு உறைத்தது. ஈரம்! ஈரம் வெளியே இல்லை, இவன் தோலுக்குள்ளே அல்லவா இருக்கிறது!

நறுக்கென்று கடித்தாள். ரத்தம் கசிந்தது. கடித்த வாயை எடுக்காமலே வயிற்றை முன்னால் வளைத்து, அந்தப் புண்ணிலேயே பீச்சினாள்.

"ஐயையோ, தீ! தீ!"

தாட்டான் கிளை கிளையாகத் தாவி, மலை தாண்டிப் போனான். கூடு பிழைத்தது. முட்டைகள் அத்தனையும் பொரிந்தன.

அன்று முதல்தான் மாமரம் ஏறுகிறவர்கள் எரிச்சல் தாங்காமல் தொடையைத் தட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். முசுறு இன்றைக்கும் சேப்பி செய்தபடியே முதலில் கடிக்கிறது, கடித்த வாயை எடுக்காமல் வயிற்றை வளைக்கிறது.