பெய்யாத மழை

அந்த மாவட்ட நாளிதழின் ஆசிரியர் மெகருன்னிசாவைவிட நிருபர் அருளப்பன் பத்து வயது மூத்தவர். ஆனாலும் ஆசிரியரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

அன்று காலை புதுப் பள்ளிக்கூடத்தின் கூரை இடிந்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். நேரில் பார்த்துவிட்டு ஓடிவந்த அருளப்பன், செய்தியை எழுதி ஆசிரியரிடம் நீட்டினார்.

"'தொடர் மழையால் கூரை இடிந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. மழை பெஞ்சுதா?"

"இல்ல, மேடம்."

"கட்டினது யாரு?"

"அமைச்சரோட மச்சான்."

"அந்த வரி எங்கே?"

அருளப்பன் தலை குனிந்தார். போன வருஷம் இதே அமைச்சரைப் பற்றி எழுதிய சக நிருபர் சேவியரின் கையை முறித்துப் போட்டிருந்தார்கள்.

"எப்படியும் அமைச்சர் ஆளுங்க அதை வெட்டச் சொல்லுவாங்க. அதான் நானே வெட்டிட்டேன்..."

"அவங்க தரப்பையும் கேட்கணும்ல. படிச்சுக் காட்டுங்க."

ஆசிரியர் அமைச்சரின் உதவியாளருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அருளப்பன் படித்து முடித்ததும் மறுமுனையில் சிரிப்பு.

"பிரமாதம். நானே எழுதியிருந்தாலும் இவ்வளவு நல்லா வந்திருக்காது. ஒரு எழுத்தும் மாத்த வேணாம்."

அருளப்பனுக்கு முகம் சுட்டது. இடிபாட்டை வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் நிமிர்ந்து, 'எழுதுவீங்கல்ல சார்?' என்று கேட்டது காதுக்குள் ஒலித்தது.

"இருங்க சார். இன்னும் முடியல."

தாளைக் கவிழ்த்து வைத்தார். பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். நேற்று ஒரு துளி மழை இல்லை. நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது சிமென்ட். கட்டியவர் இன்னார், அமைச்சருக்கு இன்ன உறவு. சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்து அறையில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"நிறுத்துய்யா. அந்தப் பேரை எடு. இல்லேன்னா சேவியருக்கு ஆனதுதான் உனக்கும்."

உதவியாளர் போனைத் துண்டித்தார்.

"அவங்க தரப்பும் கிடைச்சிருச்சு," என்றார் ஆசிரியர். "அதையும் சேர்த்து எழுதிக் கொடுங்க. முதல் பக்கம்."

அருளப்பன் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். அச்சு ஓடத் தொடங்கியது. அவர் நெஞ்சு இளைஞனைப் போலத் துள்ளியது.

"மேடம், வெட்டச் சொல்லிட்டாங்களே."

"சொல்லட்டும். அது அவங்க வேலை. அதை இத்தனை வருஷமா சம்பளம் வாங்காம நீங்க பார்த்துக்கிட்டிருந்தீங்க."