உலகம்மாள் சொல்ல வந்தது

குற்றால மலையின் அடிவாரத்தில் தையல்நாயகி அம்மாள் ஒரு கனவுச் சபை நடத்திவந்தார். கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ளப் பழகுகிறவர்கள் அங்கே கூடுவார்கள். விடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து, இரவில் கண்டதை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பறந்தேன் என்பார் ஒருவர். அடுத்தவர், தானும் பறந்ததாகவும், இன்னும் கொஞ்சம் உயரமாகப் பறந்ததாகவும் சொல்வார். கனவிலும் போட்டிதான்.

சபையில் வயதில் மூத்தவர் மந்திரமூர்த்தி. அம்மாளைவிடவே மிகப் பெரியவர். மனைவி உலகம்மாள் காலமான பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தார்.

அந்தச் சபைக்கென்று ஒரு சோதனை இருந்தது. எதிரே இருப்பவரிடம், உனக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேள். தெரியாத பதில் வந்தால் விழித்திருக்கிறாய். உன் மனதில் ஏற்கெனவே இருப்பதே பதிலாக வந்தால் அது கனவு. பகலிலும் இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும். அப்போதுதான் கனவிலும் தன்னால் வாயில் வரும்.

மந்திரமூர்த்தி விடாமல் பழகினார். காய்கறிக்காரியிடம் அவள் அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார். பஸ் கண்டக்டரிடம் காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டார். மனுஷன் எவ்வளவு பிரியமாக விசாரிக்கிறார் என்று கடைத்தெருவே மெச்சியது. அவரோ, தெரியாத பதில் என்று ஆனதும் திரும்பிவிடுவார். என்ன பதில் என்பதைக் காதில்கூட வாங்குவதில்லை. 'நீங்க சாப்பிட்டாச்சா ஐயா' என்று கண்டக்டர் திருப்பிக் கேட்டது அவர் முதுகுக்குத்தான்.

ஒரு சாரல் காலத்தில் சோதனை பலித்தது. கனவில் உலகம்மாள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டார். தெரிந்த பதிலே வந்தது. கனவு என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் விழிப்பு வரவில்லை. மறுநாள் சபையில் எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு நினைத்தபோதெல்லாம் அவளைக் கனவில் வரவழைக்க அவரால் முடிந்தது. ஆனால் மந்திரமூர்த்தியின் முகம் வாடிப்போயிற்று. வட்டத்தில் வாயே திறப்பதில்லை. ஒருநாள் மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"அவகிட்ட ஒண்ணு தெரிஞ்சுக்கணும். தெனமும் கேக்கேன். நடக்க மாட்டேங்கு."

"என்ன தெரிஞ்சுக்கணும்?"

"ஆஸ்பத்திரியில, கடைசி அன்னைக்கு, 'ஏங்க, ஒண்ணு சொல்லணும்'னா. 'இரு, வெந்நீர் வாங்கிட்டு வந்திருதேன்'னு பிளாஸ்க்கத் தூக்கிட்டுக் கீழ போயிட்டேன். திரும்பி வந்தா..."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"'என்ன சொல்ல வந்தே'ன்னு கனவுல கேக்கேன். ஒருநாள் 'நீங்க நல்லாருக்கணும்'ங்கா. இன்னொரு நாள் 'உங்க மேல கோவமே இல்ல'ங்கா. எல்லாம் நான் கேக்க ஆசப்பட்டதும்மா. அவ பேச்சு இல்ல. அவளாப் பேசணும். அதுக்கு ஒரு பயிற்சி சொல்லிக் குடுங்க."

அம்மாள் எதிரே ஒரு பாயை விரித்தார். "இதுல உக்காருங்க. இப்ப நீங்கதான் உலகம்மாள். நான் மந்திரமூர்த்தி."

அவர் கூச்சத்தோடு இடம் மாறினார்.

"உலகு, என் கண்ணாடியப் பாத்தியா?"

"நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுங்க."

"இன்னைக்கு என்ன குழம்பு?"

"தட்டுல விழும்லா, அப்பப் பாத்துக்கிடுங்க."

உலகம்மாளின் அதே இழுப்பு, அதே சலிப்பு. மந்திரமூர்த்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தார்.

அம்மாள் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில என்ன சொல்ல வந்தே?"

மந்திரமூர்த்தி வாயைத் திறந்தார். பதில் வந்தது. ஒன்று அல்ல, நாலைந்து வந்தன. எல்லாமே அவள் குரலில் வந்தன. எதைச் சொன்னாலும் பொருந்தும்போல இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"எத வேணும்னாலும் சொல்லலாம்மா. ஆனா அவ சொல்ல வந்தது அது இல்ல."

"உசுரோட இருக்கும்போது, அடுத்து என்ன சொல்லப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க! இப்ப நான் சொன்னதெல்லாம் அவ எப்பவோ சொன்னது. புதுசா என்ன சொல்லுவான்னு ஒருநாளும் கண்டுபிடிச்சதில்ல. நான் ஒண்ணு நினைச்சா அவ ஒண்ணு சொல்லுவா." சொல்லும்போதே கண் கலங்கியது. "இப்ப வீடு பூரா என் பேச்சு மட்டுந்தாம்மா கேக்கு. கனவுக்குள்ள போனா அங்கயும் நான்தான் இருக்கேன். அந்த ஒரு பதில் தெரிஞ்சாப் போதும்."

தையல்நாயகி அம்மாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கனவுல வார முகம், குரல், அடுக்களை எல்லாமே நீங்கதான் ஐயா. உங்களுக்குத் தெரியாத அந்த ஒரு பேச்சு மட்டுந்தான் இன்னும் அவங்க. அதையும் நீங்களே பேசிரப் போறீங்களா?"