புகைவரையின் கடைசிக் கிடா

பிள்ளைகளே, நெருங்கி உட்காருங்கள். பெரியவர்களுக்கும் இடம் இருக்கிறது, வாருங்கள். காட்டுக்கு யாரும் எல்லைக்கல் நடாத காலம் அது. அரசனுடைய ஆட்கள் ஏறி வர முடியாத உயரத்தில் புகைவரை என்று ஒரு மலை நின்றது. அந்த மலையின் மடியில் மூங்கிற்கோம்பை என்று ஒரு வேடர் ஊர் இருந்தது.

மலை உச்சியில் வரையாடுகள் மேய்ந்தன. மனிதன் கால் வைக்க அஞ்சும் செங்குத்துப் பாறையில் துள்ளி ஓடும் காட்டாடுகள் அவை. அவற்றின் இறைச்சி வேடர்களின் பசியை ஆற்றியது. கொழுப்பு விளக்கை எரித்தது. தோல் பனிக்காலத்துக்குப் போர்வை ஆனது.

ஒரு காலத்தில் பாறையே தெரியாதபடி ஆடுகள் நின்றன. பிறகு ஆடுகளுக்கு நடுவே பாறை தெரிந்தது. பிறகு பாறைகளுக்கு நடுவே ஆட்டைத் தேட வேண்டியதாயிற்று. கடைசியில் சில பெட்டைகளும் ஒரே ஒரு கருங்கிடாவும் மிஞ்சின.

ஊருக்குத் தலைவி கொற்றி என்பவள். அவள் வேடர்களை எல்லாம் ஓடைக்கரையில் கூட்டினாள். "என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்றாள்.

முதலில் எழுந்தவன் சேந்தன். இளைஞன், நன்றாகப் பேசத் தெரிந்தவன். "இனி வரையாட்டின் மேல் யாருமே அம்பு விடக் கூடாது, ஆத்தா. இருப்பது ஒரே கிடா. அது செத்தால் குட்டி ஏது? நாளைக்கு நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எதைக் காட்டுவோம், வெறும் பாறையையா?"

பாதிப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அடுத்து எழுந்தவன் வேங்கன். ஊரிலேயே குறி தவறாத வில்லாளி. சேந்தனின் மனைவி நங்கை இவனுடைய கூடப்பிறந்த தங்கை.

"மாப்பிள்ளையின் பேச்சு காதுக்கு இனிக்கிறது. வயிறு என்ன செய்யும்? போன பனிக்காலத்தில் போர்த்தத் தோல் இல்லாமல் எங்கள் அம்மா விறைத்துச் செத்ததை மறந்துவிட்டீர்களா? சரி, நாம் வில்லைக் கீழே வைக்கிறோம். மேற்குச் சரிவு வேடர்கள் வைப்பார்களா? நாம் பட்டினி கிடந்து அவர்களுக்கு விருந்து வளர்ப்பதா?"

மீதிப் பேர் அதுதானே அதுதானே என்றார்கள்.

பேச்சு தடித்தது. ஒருவன் "பேராசைக்காரர்கள்" என்றான். இன்னொருவன் "தொடைநடுங்கிகள்" என்றான். எங்கிருந்தோ ஒரு கல் பறந்து வந்து ஒருவனுடைய நெற்றியைக் கிழித்தது. சட்டென்று இரண்டு பக்கமும் விற்கள் உயர்ந்தன. நாண்கள் விறைத்தன. ஒருவன் விரல் வழுக்கினாலும் போதும், ஓடைத் தண்ணீர் சிவந்திருக்கும்.

கொற்றி நேராக ஓடைக்குள் இறங்கி, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போய் நின்றாள்.

"முதல் அம்பை என் மேல் விடுங்கள். அப்புறம் உங்கள் சண்டையை நிம்மதியாகப் போடலாம்."

ஒவ்வொரு வில்லாகத் தாழ்ந்தது.

"காக்க வேண்டும் என்பவர்கள் கிழக்குக் கரைக்குப் போங்கள். வேட்டை வேண்டும் என்பவர்கள் மேற்குக் கரைக்குப் போங்கள். எந்தக் கரையில் ஆள் அதிகமோ, அதுவே ஊரின் சொல்."

எல்லோரும் நடந்தார்கள். கிழக்குக் கரையில் கொஞ்சம் ஆள் கூடுதலாக நின்றார்கள். வேங்கனின் கட்சி தோற்றது.

வென்ற மிதப்பில் சேந்தன் குரலை உயர்த்தினான். "தண்டனையும் சொல்லிவிடுங்கள், ஆத்தா. வரையாட்டின் மேல் அம்பு விட்டவன், பெண்டாட்டி பிள்ளையோடு ஊரை விட்டு வெளியேற வேண்டும்." இதைச் சொல்லும்போது அவன் பார்வை மைத்துனன் மேலேயே இருந்தது.

வேங்கன் தலையை அசைத்தான். "இது கொடுமை, மாப்பிள்ளை. பசியில் எவனாவது தவறலாம். அவன் பிள்ளை என்ன பாவம் செய்தது?"

"தவறு செய்ய நினைப்பவனுக்குத்தான் தண்டனையைக் கண்டு பயம் வரும், மச்சான்!"

கிழக்குக் கரை சிரித்தது. தண்டனையும் அப்படியே முடிவாயிற்று.

கொற்றி வேங்கனைப் பார்த்தாள். "நீ என்ன சொல்கிறாய்?"

வேங்கன் கையிலிருந்த வில்லைத் தரையில் வைத்தான். பிறகு சொன்னான்: "இந்த முடிவு தப்பு. இன்றைக்கும் சொல்வேன், நாளைக்கும் சொல்வேன். ஆனால் ஊர் கூடிப் பேசிய பேச்சில் நானும் இருந்தேன். கட்டுப்படுகிறேன்."

வேடர்கள் முறைபோட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாள் உச்சிப் பாறையில் காவல் இருந்தார்கள்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது.

ஓடை ஒடுங்கி நூலானது. கிழங்குக் கொடிகள் காய்ந்தன. மானும் பன்றியும் தண்ணீர் தேடிச் சமவெளிக்கு இறங்கிவிட்டன. உச்சியில் பனி ஈரம் குடித்த புல்லை மேய்ந்துகொண்டு வரையாடுகள் மட்டும் நின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். வாயில் எச்சில் ஊறும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

முதல் சோதனை வேங்கனுக்கு வந்தது. அவனுடைய காவல் நாளில் கருங்கிடா பாறையிலிருந்து இறங்கி, கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. சுற்றிலும் யாரும் இல்லை. வேங்கன் முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. கை தானாகவே அம்பை எடுத்தது. நாணில் பூட்டியது. காதுவரை இழுத்தது. கிடா அவனையே பார்த்துக்கொண்டு அசை போட்டது. "போய்த் தொலை!" என்று கத்தினான் வேங்கன். அது துள்ளி மறைந்தது. அவன் அம்பை நாணிலிருந்து எடுத்துத் தூணியில் போட்டான்.

இரண்டாம் சோதனையும் அவனுக்கே வந்தது. அவன் பயந்தது போலவே மேற்குச் சரிவு வேடர்கள் மலை ஏறி வந்தார்கள். உச்சிக்குப் போக ஒரே வழிதான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய இடுக்கு. அந்த இடுக்கின் மறுமுனையில் வேங்கன் வில்லோடு நின்றான்.

"நீயும் வேடன், நாங்களும் வேடர்கள். பசி உனக்கும் உண்டு. கிடாவில் பாதி எடுத்துக்கொள்" என்றான் அவர்களில் மூத்தவன்.

"நீங்கள் வருவீர்கள் என்று அன்றைக்கே சபையில் சொன்னேன். ஒருவனும் கேட்கவில்லை" என்றான் வேங்கன்.

"அப்படியென்றால் வழியை விடு."

"விட முடியாது. இந்த இடுக்கில் ஒவ்வொருவராகத்தான் வர முடியும். முதலில் வருபவன் விழுவான். அவன் பின்னால் வருபவனும் விழுவான். அதற்கும் பின்னால் வருபவன் என்னைத் தாண்டிப் போகலாம். யார் முதலில் வருவது என்று உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்."

காற்று மட்டும் ஊளையிட்டது. யாரும் முதல் அடி எடுத்து வைக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. கடைசியில் மூத்தவன் காறித் துப்பிவிட்டுத் திரும்பினான். மற்றவர்களும் திரும்பினார்கள்.

மூன்றாம் சோதனைதான் கொடியது.

சேந்தனுக்கும் நங்கைக்கும் அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பசியில் நங்கைக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை முதலில் வீறிட்டு அழுதது. பிறகு முனகியது. பிறகு அழுவதையே நிறுத்திவிட்டது. சத்தமில்லாத அந்தக் குடிசையில் சேந்தனால் இருக்க முடியவில்லை. விடியும் நேரத்தில் வில்லை எடுத்துக்கொண்டு மலை ஏறினான்.

அன்று காவலுக்குப் போனவன் வேங்கன்.

வேங்கன் பாறைத் திருப்பத்தில் வரும்போது சேந்தன் மண்டியிட்டு நாணை இழுத்துக்கொண்டிருந்தான். எதிர்ப் பாறையில் கருங்கிடா பக்கவாட்டில் நின்றது.

"மாப்பிள்ளை! வில்லை இறக்கு!"

சேந்தன் திரும்பவில்லை. "போய்விடு, மச்சான். உன் தங்கை பிள்ளை சாகிறது. பார்க்காதது போலப் போய்விடு."

"இறக்கு என்கிறேன்!"

"வேட்டை வேண்டும் என்று முதலில் கேட்டவன் நீதானே? நீ சொன்னதுதான் சரி, போதுமா? நான் தோற்றுவிட்டேன்!"

அம்பு பறந்தது. அதே நொடியில் வேங்கன் ஒரு கல்லைக் கிடாவின் பக்கம் வீசினான். கிடா துள்ளியது. அம்பு அதன் தொடையைக் கீறிக்கொண்டு போய்ப் பாதாளத்தில் விழுந்தது. பாறையில் ரத்தம் சொட்டியது. கிடா நொண்டியபடி மேலே ஏறி மறைந்தது.

சேந்தன் இன்னோர் அம்பை உருவினான். நிமிர்ந்தபோது வேங்கனின் அம்பு முனை அவன் மார்புக்கு நேரே இருந்தது.

இருவரும் அப்படியே நின்றார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர். கடைசியில் சேந்தனின் வில் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வேங்கன் பக்கத்தில் வந்து அவன் தோளைத் தொட்டான். "எழுந்திரு. முதலில் பிள்ளையைப் பார்ப்போம். அப்புறம் சபைக்குப் போவோம்."

வேங்கன் வீட்டில் ஒரு சிறு பானைத் தினை இருந்தது. விதைக்கென்று அவன் ஒளித்து வைத்தது. அதைக் கஞ்சி காய்ச்சி நங்கைக்குக் கொடுத்தான். குழந்தையை ஊரில் பால் சுரந்த வேறொரு தாயின் மடியில் கொண்டுபோய்ப் போட்டான். அது சப்பத் தொடங்கிய பிறகுதான் கொற்றியிடம் போனான்.

ஊர் கூடியது. சேந்தன் தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னான். வேங்கன், "ஆமாம், பார்த்தேன்" என்று சாட்சி சொன்னான்.

அன்றைக்கு மேற்குக் கரையில் நின்றவர்கள் கொதித்தார்கள். "எங்களைப் பேராசைக்காரர்கள் என்றானே! பெண்டாட்டி பிள்ளையோடு துரத்துங்கள்! அவன் வாயால் கேட்ட தண்டனைதானே!"

கிழக்குக் கரைக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நங்கை ஓடி வந்து வேங்கனின் கையைப் பிடித்தாள். "அண்ணா, நீ ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்?"

வேங்கன் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கொற்றியைப் பார்த்தான். "மாப்பிள்ளை அம்பு விட்டது உண்மை. என் மாப்பிள்ளை என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்தத் தண்டனை கொடுமை என்று அன்றைக்கே, தோற்று நின்றபோதே சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். பிள்ளை அம்பு விடவில்லை. பெற்றவளும் விடவில்லை. சேந்தனுக்கு மட்டும் என்றில்லாமல், இனி தவறும் எவனுக்கும் அம்பு விட்டவனுக்கு மட்டும் தண்டனை என்ற நியாயத்தை வையுங்கள், ஆத்தா."

கொத்துக்கொத்தாக ஆட்கள் பேசிக்கொண்டார்கள். கோபம் மெல்ல இறங்கியது. கொற்றி தீர்ப்புச் சொன்னாள்: "அம்பு விட்டவன் மட்டும் போக வேண்டும். அடுத்த மழை ஊரில் விழும்வரை அவன் எல்லைக்குள் வரக் கூடாது. ஊரில் இருப்பதில் அவன் வீட்டுக்கும் பங்கு உண்டு. இனி யாருக்கும் இதுதான்."

சேந்தன் குழந்தையை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் புறப்பட்டான். ஊர் எல்லைவரை வேங்கன் கூடவே நடந்தான்.

"ஒன்று கேட்கிறேன், மச்சான்" என்றான் சேந்தன். "காக்க வேண்டும் என்று கத்தினவன் நான். என்னால் முடியவில்லை. வேண்டாம் என்றவன் நீ. எப்படிக் காத்தாய்?"

வேங்கன் அவன் பக்கம் திரும்பினான். "ஜெயித்தவர்கள் மட்டும் காத்தால் போதும் என்றால், அது உங்கள் கூட்டத்தின் ஆசை. தோற்றவனும் காத்தால்தான் அது ஊரின் சொல். எனக்கு ஊர் வேண்டும், மாப்பிள்ளை. அவ்வளவுதான்."

சேந்தன் மலையிறங்கிப் போனான். சமவெளியில் யாரோ ஒருவருடைய மாட்டை மேய்த்து வயிற்றைக் கழுவினான்.

கருங்கிடாவின் காயம் ஆறிற்று. பனிக்காலம் முடியும்போது உச்சிப் பாறையில் புதுக்குட்டிகள் தாயின் காலுக்கடியில் தடுமாறி நின்றன. கோடை கழிந்து முதல் மழை விழுந்த அன்று, சேந்தன் நனைந்த உடம்போடு ஊருக்குள் ஓடி வந்தான். அவனுடைய மகள் அப்பா யாரென்று தெரியாமல், மாமன் வேங்கனின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சேந்தன் எட்ட நின்று, அவள் அழுது ஓயும்வரை கையை நீட்டியபடியே காத்திருந்தான்.

ஆகையால் பிள்ளைகளே, கூடி எடுத்த முடிவை, அதை எதிர்த்துப் பேசியவனும் தன் சொல்லாக ஏற்றுக் காக்கும்போதுதான், அழிய இருக்கும் உயிரும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.