வேதரெத்தினத்தின் தார்ப்பாய்

புயல் போய்விட்டது. மின்சாரம் வரவில்லை. அந்தக் கடலோர ஊரில் கூரை இழந்தவர்கள் கிழிந்த தார்ப்பாய்களைச் சுருட்டிக்கொண்டு ரஹ்மத்நிஷாவின் தையல் கடைக்கு வந்தார்கள்.

அவள் கல்யாண மண்டபத்தில் கேட்டு ஒரு சின்ன ஜெனரேட்டரை வாங்கி வாசலில் வைத்திருந்தாள். வரிசையில் நின்றவர்களே ஆளுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார்கள். கிழக்கே மறுபடியும் மேகம் கட்டியிருந்தது.

வேதரெத்தினம் அவளிடம் தையல் கற்பவர். வயதில் அவளைவிட மூத்தவர். உப்பள வேலைக்கு முதுகு ஒத்துழைக்காமல் போனதும், "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று வந்து சேர்ந்தவர்.

அன்று அவர் மோட்டார் பொருத்திய மிஷினில் உட்கார்ந்தார். ஜெனரேட்டர் திடீரென்று உறுமியது. மிஷின் பாய்ந்தது. தையல் கோணிக்கொண்டு ஓடியது.

"கரண்ட் சீரா வந்தாத்தானே டீச்சர் தையல் சீரா வரும்?"

"எந்திரிங்கண்ணே."

அவள் உட்கார்ந்தாள். வெளியே சத்தம் ஏறியபோது பெடலிலிருந்து காலைத் தளர்த்தினாள். சத்தம் இறங்கியபோது லேசாக அழுத்தினாள். தையல், நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்படி ஒரு கையை நான் பாத்ததே இல்ல" என்றார் வேதரெத்தினம்.

"கையில்ல, காது" என்றாள் அவள்.

முன்னால் வந்தவற்றை ஒவ்வொன்றாக முடித்து, வேதரெத்தினத்தின் தார்ப்பாயை எடுத்தாள். அவர் வீட்டில் ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் மனைவி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துக் காத்திருந்தாள்.

பாதி தைத்திருந்தபோது புஷ்பவல்லி ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை. கையில் நெபுலைசர்.

"அக்கா, புள்ளைக்கு இழுக்குது. ஒரு பிளக் குடுங்க."

ரஹ்மத்நிஷா உடனே சொருகிக் கொடுத்தாள். குழந்தையின் முகமூடியில் மருந்துப் புகை எழுந்தது. அவள் மறுபடி பெடலை அழுத்தினாள். நெபுலைசரின் சத்தம் தொய்ந்தது, புகை மெலிந்தது. காலை எடுத்தாள். புகை திரும்பி வந்தது.

அவள் எழுந்து தன் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"மழை வருதும்மா" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். "கொஞ்சம் குறைஞ்சா என்ன, ரெண்டும் ஓடட்டுமே."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். வலக்கையால் மிஷினின் சக்கரத்தைச் சுற்றினாள். ஊசி இறங்கியது. இடக்கை ஒன்றால் அந்தக் கனத்த தார்ப்பாயை நகர்த்த முடியவில்லை.

வேதரெத்தினம் வானத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் சுத்துறேன் டீச்சர். நீங்க துணியைப் பிடிங்க."

அவர் சுற்றினார். அவள் தள்ளினாள். குழந்தையின் விலா உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. வேதரெத்தினத்தின் கண் அதைவிட்டு அகலவில்லை. மழையைப் பற்றிச் சொன்னவரே வந்து தார்ப்பாயின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்.

மெல்ல மெல்ல இழுப்பு அடங்கியது. புஷ்பவல்லி முகமூடியை எடுத்தாள். குழந்தை அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனது. அவளுக்கு அழுகை வந்தது. நெபுலைசரை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசித் தையலும் விழுந்தது. ரஹ்மத்நிஷா நூலை வெட்டினாள். கூரைத் தகரத்தில் முதல் தூறல் விழுந்தது.

"ஓடுங்கண்ணே. வீட்ல காத்திருப்பாங்க."

வேதரெத்தினம் தார்ப்பாயைச் சுருட்டினார். சுருட்டும்போது தையல்மேல் அவர் விரல் போனது. கையால் சுற்றத் தொடங்கிய இடத்தில் அது திக்கித் திணறி, கோணலாக இருந்தது. போகப் போக நேராகி, கடைசிச் சாண் முழுக்க ஒரே சீராக வந்திருந்தது.

"டீச்சர், நான் ஊசிப் பக்கம் பாக்கவே இல்லையே. பொறவு எப்படி இவ்வளவு நேரா வந்துச்சு?"

ரஹ்மத்நிஷா அடுத்தவரின் தார்ப்பாயை மேசைமேல் விரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"புள்ள மூச்சு விட்ட மாதிரிதானேண்ணே நீங்க சுத்தினீங்க."