ஓரத்தில் ஒரு நீலத் துடுப்பு

அந்தமான் கடலோரத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. குருவுக்கு அதில் பாதிதான்.

குருவின் பெயர் ஜோவிதா. கடலுக்கு அடியில் எப்படி மூச்சு விடுவது என்று சொல்லிக்கொடுப்பவள். அவளிடம் படித்தவர்கள் எல்லாரும் அவளை மாஸ்டர் என்பார்கள். சீடரின் பெயர் காசிலிங்கம். படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பட்டறையைப் பூட்டிவிட்டு, கூட்டாளிகளோடு முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடுவார். மீன் பிடிக்க அல்ல, மீனைப் படம் பிடிக்க.

அன்று சனிக்கிழமை சாயங்காலம். ஜோவிதா கொட்டகையில் ரப்பர் உடைகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். காசிலிங்கம் வந்தார். உட்காரவில்லை. இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்தார்.

"மாஸ்டரம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"உளுவை ஏன் என்னைக் கண்டா மட்டும் ஓடுது?"

பவளப்பாறை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் சின்னச் சின்ன வளைகள் உண்டு. ஒரு வளையில் ஒரு உளுவை மீனும் ஒரு இறாலும் சேர்ந்து குடித்தனம் நடத்தும். இறாலுக்குப் பார்வை சரியில்லை. அது பாட்டுக்கு மணலை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை உளுவையின் மேல் பட்டபடியே இருக்கும். ஆள் அரவம் கண்டு உளுவை வாலை அசைத்தால் போதும், இறால் உள்ளே ஓடிவிடும். பின்னாலேயே உளுவையும் போய்விடும்.

இரண்டும் சேர்ந்து வாசலில் நிற்கிற படம் ஒன்று வேண்டும் காசிலிங்கத்துக்கு. அதற்காகத்தான் மூன்று சீசனாக அலைகிறார். கிடைத்ததெல்லாம் வெறும் வளை.

"உங்களுக்கு என்ன தோணுது?" என்றாள் ஜோவிதா.

"தோணுறது என்ன, தெரியும். சவரிமுத்து."

ஜோவிதா உடையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

சவரிமுத்து என்பவர் காசிலிங்கத்தின் பழைய கூட்டாளி. கடைத்தெருவில் வலைச்சாமான் கடை. இருவரும் ஒரே நாளில்தான் ஜோவிதாவிடம் சேர்ந்தார்கள். தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது அவள் சொன்ன முதல் பாடம். காசிலிங்கத்துக்குச் சவரிமுத்து, சவரிமுத்துவுக்குக் காசிலிங்கம். இறங்குவதற்கு முன்னால் ஒருவர் சிலிண்டரை மற்றவர் சரிபார்த்து, சரியாக இருந்தால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் காசிலிங்கம் பாறை இடுக்கில் ஒரு மஞ்சள் மீனைக் கண்டுபிடித்தார். தவளை மாதிரிக் குந்தியிருந்தது. அப்படி ஒன்றை அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கரைக்கு வந்ததும் ஒரே ஒருவரிடம்தான் அதைச் சொன்னார். அடுத்த வாரம் காசிலிங்கம் காய்ச்சலில் படுத்திருந்தார். சவரிமுத்து போய்ப் படம் எடுத்துவிட்டார். தைப் பிறப்புக்கு அந்தப் படம் ஒரு துணிக்கடைக் காலண்டரில் வந்துவிட்டது. ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் மஞ்சள் மீன். பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையிலும் அதுதான். காசிலிங்கம் அந்தக் கடையை விட்டுவிட்டு, நாலு கடை தள்ளிப் போய் மட்டமான டீயைக் குடித்துவந்தார்.

அன்றிலிருந்து சவரிமுத்துவோடு பேச்சில்லை. ஆனால் ஜோடி மட்டும் மாறவில்லை. மாற்றிக்கொடு என்று கேட்க இரண்டு பேருமே முந்திக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள் பேச வேண்டிய அவசியமும் இல்லை. சிலிண்டரைத் தட்டுவதற்கு வாய் எதற்கு?

"படங்களைக் காட்டுங்க" என்றாள் ஜோவிதா.

காசிலிங்கம் கேமராவை நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கோமாளி மீன். பக்கத்தில் ஒரு நீலத் துடுப்பின் நுனி. சிங்கி இறால். அதன் தலைக்கு மேலே நீலத் துடுப்பு. விசிறிப் பவளம். அதன் ஓரத்திலும் நீலத் துடுப்பு. சவரிமுத்து காலில் மாட்டுகிற துடுப்பு.

"பாத்தீங்களா? எதை எடுத்தாலும் வந்து நுழையிறான்."

"இந்த ஆமைப் படத்துல அவர் எங்கயோ தூரத்துல இல்ல இருக்காரு?"

"தூரத்துல இருந்தே நுழையிறான்."

ஜோவிதா சிரிக்கவில்லை. "சரி. இப்ப நான் என்ன செய்யணும்?"

"நாளைக்கு ஒரு நாள் அவன் தண்ணியில இறங்கக் கூடாது. அடுத்த வாரம் மழைக்காத்து கிளம்பிரும், சீசன் முடிஞ்சுது. எனக்கு எல்லாமே முடிஞ்சுது. இந்தச் சீசனுக்கு மேல இறங்கினா காதை மறந்துர வேண்டியதுதான்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்குக் கிடைக்கலைன்னா எனக்கு அந்தப் படம் இல்லவே இல்ல."

"சரி அண்ணாச்சி. அவர் படகிலேயே இருக்கட்டும். நான் உங்க ஜோடியா வர்றேன்."

காசிலிங்கத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சொல்வதற்கு இன்னும் எவ்வளவோ வைத்திருந்தார். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் அதெல்லாம் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் படகில் சொன்னபோது சவரிமுத்து மறுபேச்சு பேசவில்லை. "நல்லதாப் போச்சு மாஸ்டர். எனக்கும் இடுப்புப் பிடிச்சிருக்கு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு காசிலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இவன் எதற்குச் சிரிக்கிறான்? கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, ஏன் முகம் கடுகடுன்னு இருக்கு? மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்குப் போற மாதிரி" என்றான் படகோட்டி ஹனிபா.

"நீ சுக்கானைப் பாரு."

ஜோவிதா அவர் சிலிண்டரைச் சரிபார்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் விளிம்பில் உட்கார்ந்து மல்லாக்கச் சாயப் போன நேரம் பக்கத்திலிருந்து இன்னொரு கை இரண்டு தட்டுத் தட்டியது. யார் கை என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அதையும் சேர்த்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் விழுந்தார்.

கீழே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கிளிமீன் கூட்டம் ஒன்று பாறையைச் சுரண்டிக்கொண்டு போயிற்று. அவர் அதைப் பார்க்கவில்லை. நேரே மணலுக்குப் போய் வளைக்கு எதிரே வயிற்றை அமுக்கிப் படுத்தார். ஜோவிதா கொஞ்சம் தள்ளிப் பக்கவாட்டில் படுத்தாள்.

வளை காலியாக இருந்தது.

இன்றைக்கு நீலத் துடுப்பு இல்லை. குமிழி வந்து முகத்தில் மோதவில்லை. கேமராவை நீட்டிக் காத்திருந்தார். இப்போது அவன் படகில் என்ன செய்துகொண்டிருப்பான்? காலை நீட்டிப் படுத்திருப்பான். ஹனிபாவிடம் காலண்டர் கதையை அவன் வசதிக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பான். ஹனிபாவும் சிரிப்பான். அவனுக்கு யார் சொன்னாலும் சிரிப்பு.

தலைக்கு மேலே டங் என்று ஒரு சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தார். படகின் அடிப்பாகம் இருட்டாக மிதந்தது. அதன் ஓரத்தில், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி, ஒருவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

சவரிமுத்து.

காசிலிங்கம் கேமராவை அப்படியே மேலே திருப்பி ஒரு படம் எடுத்தார். சாட்சி வேண்டுமே.

திரும்பினார். வளை வாசலில் புதுமணல் கொட்டிக் கிடந்தது. உளுவை இல்லை.

குமிழி விடாமல் இருக்க மூச்சை அடக்கிப் பார்த்தார். ஜோவிதா கையை நீட்டி அவர் தோளைத் தட்டினாள். அடக்கக் கூடாது. விட்டார். குமிழிகள் மேலே போயின. அவை போகும் வழியைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் அங்கேயே இருந்தது. இன்னொரு படம் எடுத்தார். போய்விட்டானா என்று பார்த்தார், போகவில்லை. அதையும் எடுத்தார். அவன் தலையைத் தூக்கிக் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி முக்கினான். அதையும் விடவில்லை.

காற்று குறைந்துவிட்டது என்று ஜோவிதா சைகை செய்தாள். இன்னும் கொஞ்சம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஏறு என்று அவள் கட்டைவிரலை மேலே காட்டினாள். அந்தச் சைகைக்கு மேல் பேச்சில்லை.

படகில் ஏறியதும் துடுப்பைக்கூடக் கழற்றவில்லை காசிலிங்கம்.

"மாஸ்டரம்மா, இப்ப சொல்லுங்க. மேல விட்டுட்டுப் போனாலும் என்னை விட்டானா? சாட்சி வச்சிருக்கேன்."

சவரிமுத்து முகத்தைத் துடைத்தார். மாஸ்க்கின் தடம் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் காசிலிங்கத்திடம் அவர்தான் பேசினார்.

"உன் குமிழியைத்தான்டா பாத்தேன். நின்னு நின்னு வந்துச்சு. மூச்சை அடக்குறியோன்னு பயந்து போனேன்."

காசிலிங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை. "ஹனிபா, இவனை யார் பாக்கச் சொன்னாங்கன்னு கேளு."

"அவரு இங்கதான இருக்காரு அண்ணாச்சி. டாக்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னது உங்க காதைத்தான், அவர் காதை இல்ல."

"எல்லாரும் ஒண்ணு சேர்ந்துக்கிட்டீங்க."

ஜோவிதா தலைமுடியைப் பிழிந்தபடி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, அந்த மஞ்சள் மீன் விஷயத்துல சவரி அண்ணன் செஞ்சது தப்புதான்."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை நீங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாம்" என்றார் காசிலிங்கம்.

"சொல்லியிருந்தா?"

அவர் குனிந்து துடுப்பைக் கழற்றினார்.

அவள் கேமராவை வாங்கினாள். படத்தைத் தள்ளினாள். சவரிமுத்துவின் முகம். தள்ளினாள். சவரிமுத்துவின் முகம், சுற்றிலும் வெயில் உடைந்து சிதறியபடி. மறுபடி சவரிமுத்து. மறுபடி சவரிமுத்து. ஒரு படத்தில் மாஸ்க்குக்குள் கண்கூடத் தெரிந்தது.

ஹனிபா எட்டிப் பார்த்தான். "துல்லியமா விழுந்திருக்கு அண்ணாச்சி. காலண்டருக்கு அனுப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் இன்ஜின் பக்கம் போய்விட்டான்.

ஜோவிதா கடைசிப் படம் வரை தள்ளினாள். பிறகு கேமராவை அவர் மடியில் வைத்தாள்.

"முன்னெல்லாம் ஓரத்துல இருந்தாரு. இன்னிக்கு நடுவுக்கு வந்துட்டாரு."

காசிலிங்கத்தின் கைகள் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு கோளாறு பிடிபடாதபோது அப்படித்தான் திருப்புவார்.

"அந்த உளுவை இன்னிக்கு வரவே இல்லையே மாஸ்டரம்மா" என்றார். "கடைசி நாள்கூட வரலையே."

"வந்துச்சு அண்ணாச்சி. இறாலும் கூடவே வந்துச்சு. நான் பாத்தேன்."

"எப்போ?"

"நீங்க மேல பாத்தப்பல்லாம்."